உலையும் தோட்டமும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கத்தியின் வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதியோர் ஈயத்தையும் ரப்பரையும் ரயில் பாதையையும் விரிவாகப் பேசியிருக்கின்றனர்; ஆனால் அந்த ஈய மண்ணை வெட்டிய மண்வெட்டியையும், ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிய கத்தியையும், தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைத்த ஆணியையும் யார் அடித்தார்கள், அத்தொழிலை யாரிடம் எத்தனை ஆண்டுகள் இருந்து கற்றார்கள் என்ற கேள்வி அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. மலாய்க் கொல்லரின் கிரிஸ், பிரிட்டிஷ் ரயில்வேயின் சம்மட்டி, தமிழ்த் தொழிலாளியின் பால் வெட்டும் கத்தி, ஜப்பானிய அதிகாரியின் வாள் ஆகிய நான்கும் இருநூறாண்டுக்கும் குறைந்த காலத்திற்குள் இப்பள்ளத்தாக்கில் அடுத்தடுத்துப் புழங்கின. இவற்றுள் ஜப்பானிய வாள்தொழிலுக்குச் சட்டத்தின் காவலோடு கூடிய குரு-சீட முறை வாய்த்தது; பால் வெட்டும் கத்தியைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட தமிழரின் திறனோ ஒரு கைத்தொழில் என்றே எண்ணப்படவில்லை. அவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதே இங்கே ஆராயப்படும் பொருள்.

சிலாங்கூர் சுல்தானகம் 1766இல் பூகிஸ் வழிவந்தோரால் நிறுவப்பட்டது. கடலோடிகளான அவர்கள் தங்களுக்கே உரிய வடிவில் அமைந்த கிரிஸையும் உடன் கொண்டுவந்தனர். கிரிஸ் என்பது இருபுறமும் கூருள்ள குத்துவாள். நேராகவோ, ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும் வளைவுகளோடோ அது செய்யப்படும். வெவ்வேறு வகை இரும்பைப் படலம் படலமாக அடுக்கி, உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்து, பின்னர் எலுமிச்சைச் சாற்றையும் பாஷாணத்தையும் கொண்டு கழுவும்போது, இரும்பின் வகைக்கேற்ப நிறம் மாறி அலகில் கோலம் எழும். இதற்குப் பாமோர் என்று பெயர். மலாய்க் கொல்லர்கள் இத்தொழிலைத் தந்தையிடமிருந்து மகனும் மாமனிடமிருந்து மருமகனுமாகக் கற்றனர். ஆயினும் 1867 முதல் 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சி காலூன்றியதும் ஆயுதத்திற்கான தேவை குன்றியது. கிரிஸ் அரசவைச் சின்னமாகவும் மணக்கோலத்தின் அணியாகவும் நிலைத்ததே தவிர, அதைச் செய்யும் உலைகள் குறைந்துகொண்டே வந்தன.

அந்த வெற்றிடத்தில் வேறுவகை இரும்பு நுழைந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லால் நகரை மீண்டும் எழுப்பும் பணி தொடங்கி, அதற்கான சூளைகள் நிறைந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயிற்று. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் முடிந்து கிள்ளான் நகரத்தையே பாதை எட்டியது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. அலுவலகப் பணிகளில் யாழ்ப்பாணத்தாரும், பாதை போடும் வேலைகளிலும் பட்டறை வேலைகளிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் மிகுதியாக அமர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் எழுந்த மையப் பட்டறை, மலாய் நாடுகளின் ரயில்வே முழுமைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பேரிடமாக விளங்கியது. வார்ப்படச் சாலையும் கொல்லுலையும் கொதிகலன் பிரிவும் கொண்ட இத்தகைய பட்டறையில் கற்றல் முறையே வேறு. அங்கே பயிற்சியாளன் ஒரு பொருளை முதலிலிருந்து முடிவுவரை செய்யப் பழகுவதில்லை. வரைபடத்தில் குறித்த அளவுக்கு ஒரு துண்டை அடித்து, துளையிட்டு, அடுத்தவனிடம் தள்ளுவதே அவன் பணி. வருமானத்தையும் மதிப்பையும் தொழிற்சங்க உணர்வையும் செந்தூல் அளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கு அடிக்கப்பட்ட இரும்பில் அடித்தவனின் பெயர் பதியவில்லை.

ரப்பர்த் தோட்டம் இதைவிடவும் நுட்பமான செய்தியைத் தருகிறது. 1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் நாற்றுகள் நெடுங்காலம் தோட்டக்கலை வேடிக்கையாகவே இருந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். பிரேசில் காட்டில் மரத்தைச் சிறு கோடரியால் ஆங்காங்கே கொத்திப் பாலெடுத்த வழக்கத்திற்கு மாறாக, ஒரே வெட்டுவாயை நாள்தோறும் மெல்லிய சீவலாகத் திறந்து கீழ்நோக்கி நகர்த்திச் செல்வதே அம்முறை. கோலாலம்பூருக்கு அருகே காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் ரப்பர் நட்டபோது சிலாங்கூரின் வணிகத் தோட்டங்கள் தோன்றின. அதன்பின் கருவிக்கான தேடல் வேகமெடுத்தது. குதிரையின் குளம்பைச் சீவும் லாடக்காரரின் கத்திகூட ஆரம்பத்தில் ரப்பர் மரத்தின்மேல் சோதிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து ஹெர்பர்ட் ரைட் வெளியிட்ட ரப்பர் நூலில் துரைமார் பலர் தத்தம் பெயரில் உருவாக்கிய கத்திகள் வரிசையாகப் படத்துடன் இடம்பெற்றன. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி-கோலெட்ஜ் கத்தி நிலைத்தது. மலாயாவில் ஜெபோங் எனப்படும் கத்தி நிலைத்தது.

ஜெபோங் கத்தியின் நுனி தட்டையான அலகன்று. இரும்புத் தகடு இரு சிறகாக மடிந்து நடுவில் ஒரு கூர்கோணத்தில் கூடும். அந்தக் கோணமே பட்டையில் ஓடும் வாய்க்காலை வெட்டுகிறது, மேற்சிறகு சீவலை உரித்துத் தள்ளுகிறது. வெட்டுபவர் அதை இடப்பக்க மேற்புறத்திலிருந்து வலப்பக்கக் கீழ்ப்புறத்திற்கு ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றிக் கால்வைத்து நகர்வார். ஒருமுறை சீவும் பட்டையின் தடிமன் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே. பட்டையின் உட்புறத்தில், மரத்தை வளரச் செய்யும் கேம்பியம் என்னும் மென்படலத்தை ஒட்டியே பால்குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே பால் மிகுதியாக வேண்டுமானால் கத்தி அப்படலத்தை நெருங்க வேண்டும், மரம் நிலைக்க வேண்டுமானால் அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைக்க வேண்டும். தொட்டுவிட்டால் அவ்விடம் காயமாகி முண்டு முண்டாகத் தழைத்து, பல ஆண்டுகளுக்குப்பின் புதுப்பட்டையை வெட்ட வரும்போது கத்தி ஓடாமல் தடுக்கும். விடியுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில், நெற்றியில் கட்டிய விளக்கொளியில், நானூறு ஐந்நூறு மரங்களுக்கு இந்த ஒரு மில்லிமீட்டர்க் கணக்கைக் கண்ணால் அளந்து பார்க்க இயலாது. மணிக்கட்டே அளக்க வேண்டும். பட்டையின் ஈரப்பதமும் அலகின் கூர்மையும் கைக்குத் தரும் எதிர்ப்பைக் கொண்டே ஆழம் உணரப்பட்டது. இது வாளுக்குக் கூர்தீட்டும் கலைஞனின் உணர்வுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இத்திறன் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்று பார்த்தால், காலையில் பெரட்டு எனப்படும் பணி அழைப்பு முடிந்தபின் தாயோடு நிரைக்குச் சென்ற பிள்ளை, பால் சேரும் மங்குகளைத் துடைத்து, வெட்டுவாயில் உறைந்த ஒட்டுப்பால் உரித்து, பின்பு பால் வற்றிய கிழ மரத்தில் கத்தியைப் பழகி, இறுதியில் தனி நிரை பெறுவதே பொது வழக்காக இருந்தது. மேற்பார்வையாளரான கங்காணி மரத்தில் காயத்தைத் தேடிக் கண்டால் வசவும் கூலிவெட்டும் விழும். 1925இல் சட்டமுறையாக அமைக்கப்பட்டு, பின்னர் சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டமும் கொண்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், வெட்டின் ஆழம், சரிவு, நாள் இடைவெளி ஆகியவற்றை அளந்து நெறிப்படுத்தியது. அளவுகள் அறிவியலின் பெயரில் அச்சேறின. அவற்றை அன்றாடம் கையால் மெய்ப்பித்தவர்கள் தோட்ட எழுத்தரான கிராணியின் பதிவேட்டில் நாள் கூலியாகவே நின்றனர்.

தமிழர் இரும்புத்தொழிலை அறியாதவராக இங்கு வந்தனர் என்று கொள்வதற்கு இடமில்லை. கொடுமணலில் சங்க காலத்து இரும்புருக்கு உலைகளும் மூசைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசை எஃகு ஆக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. மூசை எஃகு என்பது தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலை போன்ற பச்சிலைகளோடும் களிமண் மூசைக்குள் வைத்து மூடி, கரி உலையில் மணிக்கணக்காக ஊதி, மரத்தின் கரிமம் இரும்பில் ஏறும்படி செய்து பெறும் கடினமான எஃகு. ஐரோப்பியர் இதை ஊட்ஸ் என்றனர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் அரச கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார், 1820ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடே இதன் இயல்பை ஆராய்ந்தார். சேலம், திருச்சி மாவட்டங்களில் இவ்வுலைகள் 19ஆம் நூற்றாண்டிலும் எரிந்தன. 1830இல் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய ஆலை நீண்டநாள் தழைக்கவில்லை என்றாலும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து குவிந்த மலிவு இரும்பு நாட்டு உலைகளை அணைத்துவிட்டது. அதே சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்தே பின்னர் மலாயாவுக்கு ஆட்கள் திரட்டப்பட்டனர். 1907இல் இந்தியக் குடிபெயர்ச்சி நிதி ஏற்பட்டு, கங்காணி தன் ஊராரைத் தோட்டச் செலவில் அழைத்துவரும் ஏற்பாடு முறைப்படுத்தப்பட்டபோது, நிலத்தில் உழைத்துப் பழகிய கைகளே தேடப்பட்டன. உலையும் துருத்தியும் உடைய கொல்லன் குடும்பத்தோடு பெயர்ந்து வந்து கிராமத்திற்கு உழுகருவி அடித்துத் தந்து களத்தில் நெல் வாங்கும் ஏற்பாட்டிற்குத் தோட்டத்தில் இடமே இல்லை. கத்தி கடையிலிருந்து வந்தது, மழுங்கினால் சாணைக்கல் மட்டும் தொழிலாளியினுடையது. தமிழர் சமூகம் கடல்கடந்தபோது இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. இவ்விழப்பு போதிய அளவு பேசப்படவில்லை.

தென்னிந்திய இரும்பு ஜப்பானியக் கொல்லரின் உலைவரை சென்றிருக்கக்கூடும் என்பது இவ்வரலாற்றில் வியப்பான கிளை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து, சிறப்பாக அதன் வடபகுதித் துறைகளிலிருந்து, இரும்பும் எஃகும் ஏற்றிப் பத்தாவியாவுக்குக் கொண்டுசென்றது. அதே கம்பெனியின் கப்பல்கள் ஜப்பானுக்கும் சென்றன. தொக்குகாவா ஆட்சியாளருக்கு வாள் செய்த எச்சிசென் யசுத்சுகு, தம் வாள்களின் கைப்பிடிக்குள் மறையும் தண்டில், அவை நம்பன் தெத்சு எனப்பட்ட அயல்நாட்டு இரும்பால் ஆனவை என்று பெருமையோடு பொறித்தார். அந்த இரும்பில் இந்திய எஃகும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

ஜப்பானிய வாள் கோலாலம்பூருக்கு வந்தது 1942 ஜனவரி 11 அன்று, படையெடுப்போடு. பள்ளத்தாக்கின் மக்கள் அதை அதிகாரத்தின் அடையாளமாகவும் தண்டனையின் கருவியாகவும் மட்டுமே கண்டனர். தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரின் குடும்பங்களுக்கு அந்நினைவு இன்றும் ஆறாதது. 1945இல் நேசநாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையைக் குண்டுவீசித் தகர்த்தன. அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானிய 29ஆம் படைத்தளபதி இஷிகுரோ சரணடைவு ஆவணத்தில் ஒப்பமிட்டார். 1946 பிப்ரவரி 22 அன்று ஜப்பானிய ஜெனரல் இத்தாகாக்கி தம் வாளைக் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் ஜெனரல் மெசர்வியிடம் ஒப்படைத்தார். இந்த வாள்களைப் பற்றி ஒரு செய்தி பலரும் அறியாதது: முன்னோர் வழிவந்த பழைய வாள்கள் சில அதிகாரிகளின் இடுப்பில் இருந்தன எனினும், பெரும்பான்மையானவை ஆலை எஃகில் விரைந்து செய்யப்பட்டு எண்ணெயில் தோய்க்கப்பட்ட படைக்கலச் சரக்கே. மரபுக் கொல்லர் அவற்றை வாளென்றே ஒப்புக்கொள்வதில்லை.

மரபு வாளின் மூலம் இரும்பு மணல். ஷிமானே மாவட்டத்து ஒக்குஇசுமோவில் தத்தாரா எனப்படும் களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு இடைவிடாமல் கரியும் மணலும் மாறி மாறி இடப்படும். இறுதியில் உலையை உடைத்தால் கிடைக்கும் பாளத்தில் நல்ல பகுதியே தமஹகானே என்னும் வாள் எஃகு. கொல்லன் அதைத் தட்டையாக்கி உடைத்து, உடைபட்ட முகத்தின் மினுக்கைப் பார்த்துத் தரம் பிரித்து, அடுக்கி, வைக்கோல் சாம்பலும் சேற்றுக் குழம்பும் பூசிக் காய்ச்சி, பத்துப் பதினைந்து முறை மடித்து அடிப்பான். மென்மையான நடு இரும்பைக் கடினமான தோல் பொதிந்திருக்கும்படி அலகு உருவாகும். பிறகு முதுகில் தடிப்பாகவும் கூர்வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசி, உலைக்கூடத்தை இருட்டாக்கி, இரும்பின் சிவப்பு எந்தப் பதத்தில் நிற்கிறது என்று கண்ணால் மட்டும் கணித்து, ஒரே வீச்சில் நீரில் தோய்ப்பான். மண் மெலிந்த விளிம்பு சட்டெனக் குளிர்ந்து கல்லாகும். தடித்த முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வு காக்கும். இரண்டுக்கும் நடுவே வெண்கோடு ஒன்று எழும். சற்றே மிகைச் சூடானால் அலகு விரிசல் கண்டு மாதக்கணக்கான உழைப்பு அந்நொடியில் வீணாகும். தமிழ்நாட்டுக் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் வைக்கும்போது பார்ப்பதும் இதே நிறத்தைத்தான். திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழ் அந்தக் கண்ணுக்குக் கிடைத்த புகழ்.

இத்தொழில் தானாகப் பிழைத்துவிடவில்லை என்பதே முதன்மையான செய்தி. 1876இல் சாமுராய்கள் பொதுவிடத்தில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடுத்தபோது கொல்லர்கள் வாழ்விழந்து, பலர் சமையற்கத்திக்கும் வேளாண் கருவிக்கும் மாறினர். சக்காய் நகரம் புகையிலை நறுக்கும் கத்தியால் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்தது. செக்கி நகரமும் அவ்வாறே அன்றாடக் கத்திகளுக்கு மாறியது. 1945க்குப்பின் நேசநாட்டு ஆக்கிரமிப்புப் படை வாள் செய்வதை அறவே தடுத்தது. கலைப்பொருள் என்ற வாதத்தை முன்வைத்து ஹொன்மா ஜுன்ஜி முதலான அறிஞர்கள் போராடி, 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1953இல் மீண்டும் வாள் செய்ய உரிமம் வழங்கப்பட்டது. இன்று ஒருவர் வாள்கொல்லர் ஆக விரும்பினால், உரிமம் பெற்ற ஆசானிடம் குறைந்தது ஐந்தாண்டு சீடராக இருந்து, பண்பாட்டு முகமை நடத்தும் பல நாள் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். தேறிய பின்னும் மாதத்திற்கு இரண்டு நீள்வாளுக்குமேல் செய்ய அனுமதியில்லை. சீடன் முதலில் கற்பது பைன்மரக் கரியை அளவு பிசகாமல் வெட்டுவது. பின்பு ஆசான் சிறுசுத்தியால் தட்டிக் காட்டும் இடத்தில் பெருஞ்சம்மட்டியை இறக்குவது. பேச்சின்றி ஒலியாலேயே பாடம் நடக்கும். போரோடு அணைந்த தத்தாராவை அச்சங்கம் 1977இல் மீண்டும் மூட்டி, எஃகைக் கொல்லருக்குப் பகிர்ந்தளிக்கிறது. மூலப்பொருள், ஆசான், தேர்வு, வாங்குவோர் ஆகிய நான்கையும் ஒருசேரத் தாங்கிய இந்த ஏற்பாடே மரபைக் காத்தது. இருப்பினும் அங்கும் நிலைமை எளிதன்று: சம்பளமில்லாத ஐந்தாண்டைத் தாங்கும் இளைஞர் அருகி, வாள்கொல்லர் எண்ணிக்கை தொடர்ந்து சுருங்கி வருகிறது. சக்காயில் கத்தி அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர் எனத் தொழில் பிரிந்திருப்பதால் கற்பது சற்று எளிது. உலகெங்கும் சமையற்காரர் அக்கத்தியை நாடுவதால் கூலியும் உண்டு.

மலேசியா 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்து, ஜப்பானுக்கு மாணவரையும் பயிற்சியாளரையும் அனுப்பியது. அவர்கள் கற்றுவந்தது ஆலை ஒழுங்கும் மின்னணுவியலும் நிர்வாகமும். ஜப்பான் தன் கைவினையை எவ்வாறு சட்டத்துக்குள் கொண்டுவந்து காத்தது என்ற பாடம் அந்தப் பயணப் பட்டியலில் இடம்பெறாமற் போனது பெரிய குறையே. ஏனெனில் சரியாக அந்த ஆண்டுகளில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிக்கொண்டிருந்தன. செம்பனைக்கு வேண்டியது நீண்ட கழியில் கட்டிய அரிவாளும் உளியும். மில்லிமீட்டர்க் கணக்கு அங்கே தேவைப்படவில்லை. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ நிலம் குவாசா டாமன்சாரா என்ற புதுநகராக எழுகிறது. செந்தூல் பட்டறையின் பணி பத்து காஜாவுக்குப் பெயர்ந்தது.

மலேசிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் இன்று சிறுதோட்டக்காரர் கையிலிருந்து வருகிறது. கெடா, கிளந்தான் போன்ற மாநிலங்களில் ஜெபோங் கத்தி இன்னும் வழக்கில் உள்ளது. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் ஷா ஆலாமிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முன்னாள் வெட்டுத் தொழிலாளருள், அக்கத்தியின் உட்கோணத்தைத் தீட்ட எந்தக் கல்லை எந்தச் சரிவில் பிடித்தனர், மழை நின்ற மறுநாள் ஈரப்பட்டையில் கையை எவ்வாறு தளர்த்தினர், இடக்கைப் பழக்கமுள்ளோர் மரத்தை எப்படிச் சுற்றிவந்தனர், புதுக் கத்தி வாங்கியதும் அதன் பிடியைத் தம் கைக்கேற்ப எங்கே செதுக்கினர் என்பவற்றைச் செய்துகாட்டக்கூடியோர் பெரும்பாலும் முதுமை எய்தியவர்கள். அருங்காட்சியகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளுக்கும் அவர்களுடைய செயல்முறையைப் படமாகவும் உரையாகவும் பதிந்து வைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.